போப்பாண்டவரின் புதுக்கோட்டை



போன வாரம் நான் போட்ட ஒரு போட்டோவுக்கு இத்தனை விசாரணை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கூழாங்கல் குவியலுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டைக் கொடி, பக்கத்தில் குடையோடு நான். "டீச்சர், இது எந்த ஆத்து மணல்?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். "ஒயின் தோட்டமாமே, நீங்களுமா மிஸ்?" என்று 1994 பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மொத்தமும் வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறது. சின்ன மதினி போனிலேயே கூப்பிட்டு, "அங்க போய் என்னத்தக் குடிச்ச?" என்று நேரடியாகக் கேட்டுவிட்டார்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத என் கட்டை விரல் இடம் கொடுக்காது. எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பீரியட் முடிந்து மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவள்தானே நான், உங்களுக்குப் பழக்கம்தான்.

படம் போன செப்டம்பரில் எடுத்தது. அக்கா மகன் பிரான்சில் லியோன் நகரத்தில் வேலையாக இருக்கிறான். ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், போயிருந்தேன். பாரிஸ் கோபுரம் பார்க்க வேண்டுமா என்று கேட்டான். ரோன் ஆற்றோடு தெற்கே கூட்டிப் போடா என்றேன். சிரித்தான். உங்களுக்கு நினைவிருக்கும், ஐரோப்பா வரைபடத்தில் அந்த ஆற்றைக் குறிக்கச் சொன்னால் பாதிப் பேர் ரைன் ஆற்றில் பெயரை எழுதிவிட்டு வருவீர்கள். சுவிட்சர்லாந்துப் பனியாற்றில் பிறந்து, ஜெனிவா ஏரிக்குள் நுழைந்து வெளியேறி, லியோனில் தெற்கே திரும்பி மத்திய தரைக்கடலுக்குப் போகிறது ரோன். முப்பது வருஷத்துக்கு மேல் சாக்பீஸில் போட்ட கோடு அது. அதன் கரையில் இரண்டரை மணி நேரம் காரில் போனேன்.

நாங்கள் இறங்கிய ஊருக்குப் பெயர் ஷாத்தோநெஃப்-து-பாப். வாயில் நுழையவில்லையா? எனக்கும் நுழையவில்லை. அக்கா மகன் அர்த்தம் சொன்ன பிறகு சட்டென்று ஒட்டிக்கொண்டது. ஷாத்தோ என்றால் கோட்டை, நெஃப் என்றால் புதிது, பாப் என்றால் போப். போப்பாண்டவரின் புதுக்கோட்டை! இனி இந்தப் பதிவு முழுக்க நான் புதுக்கோட்டை என்றே எழுதப்போகிறேன். திருச்சிக்குத் தெற்கே இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பெயருக்குக் காரணம் சரித்திரப் பாடத்தில் வரும். 1309-ல் போப் ஐந்தாம் கிளெமெண்ட் ரோமுக்குப் போகாமல், பக்கத்தில் இருக்கும் அவிஞ்ஞோனில் தங்கிவிட்டார். 1377 வரைக்கும் ஏழு போப்புகள் அங்கேதான் இருந்தார்கள். அவர்களில் இருபத்திரண்டாம் ஜான் என்பவர் இந்தக் குன்றின் மேல் கோட்டை கட்டி, சுற்றியிருந்த திராட்சைக் கொடிகளையும் வளர்க்கச் சொன்னார். கோட்டையில் இப்போது ஒரு கோபுரத்தின் பாதிதான் மிச்சம். 1944-ல் பின்வாங்கிப் போன ஜெர்மன் படை வெடி வைத்தது. ஒரு பக்கம் சரிந்தது, மறுபக்கம் அப்படியே நிற்கிறது, குறுக்கே வெட்டின பலாப்பழம் மாதிரி.

இந்த ஊரைப் பற்றி இன்னொரு சங்கதி, சிரிக்கத்தான். 1954-ல் ஊர் மேயர் ஒரு உத்தரவு போட்டார்: பறக்கும் தட்டு எதுவும் இந்த ஊர் எல்லைக்குள் பறக்கவோ, இறங்கவோ, கிளம்பவோ கூடாது. மீறி இறங்கினால் தட்டைப் பறிமுதல் செய்து பட்டியில் அடைக்க வேண்டும். ஆடு மாடு மேய்ந்தால் அடைப்போமே, அதே மாதிரி. அந்த வருஷம் பிரான்ஸ் முழுக்கப் பறக்கும் தட்டு பார்த்ததாக ஒரே பேச்சு. மேயருக்கு விளம்பரம் வேண்டும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் மண்ணில் யார் கால் வைப்பது என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம் என்கிற அந்த மிடுக்கு இந்த ஊர்க்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் புரிந்தது.

முதலில் மண்ணைச் சொல்கிறேன். மண் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பல தோட்டங்களில் மண்ணே கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கை அளவிலிருந்து தேங்காய் அளவு வரைக்கும் வழவழப்பான கூழாங்கல், பழுப்பும் சிவப்புமாக. ஆல்ப்ஸ் மலையிலிருந்து ரோன் ஆறு ஆதிகாலத்தில் உருட்டிக்கொண்டு வந்து போட்டது. இப்போது ஆறு கீழே ஓடுகிறது, கல் மேட்டில் கிடக்கிறது. ஆற்றுப் படுகை மேடாவதைப் பற்றிப் பாடத்தில் இரண்டு வரி வருமே, அந்த இரண்டு வரி மேல் நான் நின்றுகொண்டிருந்தேன். பகலில் கல் வெயிலைக் குடிக்கும். ராத்திரி அந்தச் சூட்டைக் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். அடியில் இருக்கும் களிமண்ணின் ஈரத்தை ஆவியாக விடாமல் மூடியும் வைக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தேன், இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இளஞ்சூடு. ஊர் முழுக்க இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். மணல் தோட்டமும் உண்டு, சுண்ணாம்புக் கல் சரிவும் உண்டு. போட்டோவுக்கு எல்லோரும் கூழாங்கல்லில்தான் நிற்கிறோம்.

பந்தல் கிடையாது! சுருளிப்பட்டியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதுதான் முதல் ஆச்சரியம். நம் ஊரில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் கொடி படர்ந்து, அதன் நிழலில் நாம் நடப்போம். அங்கே பெரும்பாலும் ஒவ்வொரு கொடியும் தனியாக, குட்டையாக, கை விரித்த கிண்ணம் மாதிரி நிற்கிறது. காரணம் காற்று. மிஸ்ட்ரல்! தலக்காற்றுகள் என்று ஒரு பட்டியல் மனப்பாடம் செய்வீர்களே, சினூக், ஃபான், லூ, மிஸ்ட்ரல் என்று. நான் போன இரண்டாம் நாள் அது அடித்தது. வடக்கே இருந்து, இரண்டு பக்க மலைகளுக்கும் நடுவே ரோன் பள்ளத்தாக்கில் நெருக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. என் குடை மடங்கிப் போனது. சேலையைப் பிடிப்பதா, கண்ணாடியைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. நம் பந்தலை அங்கே போட்டால் நிற்காது. ஆனால் விவசாயிகள் அந்தக் காற்றைத் திட்டவில்லை. மழை பெய்த மறுநாள் அது வந்து இலையையும் குலையையும் உலர்த்திவிடுகிறது, பூஞ்சணம் பிடிப்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் மழை முடிந்ததும் மருந்து டேங்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடும் என் தம்பியை நினைத்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊரின் சிவப்பு ஒயின் ஒரே திராட்சையில் ஆவது கட்டாயமில்லை. சட்டப்படி பதின்மூன்று ரகம் சேர்க்கலாம். (நிறத்தையும் தனித்தனியாக எண்ணினால் பதினெட்டு.) அதில் வெள்ளைத் திராட்சையும் அடக்கம், சிவப்பு ஒயினிலேயே சேர்க்கலாம். எல்லாவற்றையும் சேர்த்தே ஆகவேண்டும் என்பதில்லை. போகாஸ்தெல் என்ற தோட்டம் பதின்மூன்றையும் நட்டுப் பயன்படுத்துகிறது. ராயாஸ் என்ற தோட்டம் சிவப்புக்கு ஒரே ரகத்தோடு நிறுத்திக்கொள்கிறது. இரண்டுமே பெரிய பெயர்.

அந்த ஒரு ரகம் கிரெனாஷ். ஊரில் நட்டிருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதுதான். வெயிலையும் வறட்சியையும் தாங்கும், சர்க்கரை நிறைய ஏறும், காற்றுக்கு வளையாமல் நிமிர்ந்து நிற்கும். குறையும் உண்டு. நிறம் குறைவு, புளிப்பு குறைவு, காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பாகிவிடும். எல்லாவற்றையும்விட, பூக்கும் நேரத்தில் குளிரோ மழையோ வந்தால் பூவை உதிர்த்துவிடும். அந்த வருஷம் குலையில் பாதி மணிகூட நிற்காது. அதனால் பக்கத்தில் மற்றவை. சிரா நிறம் கொடுக்கும், மிளகு மாதிரி ஒரு காரம் கொடுக்கும். மூர்வெத்ர் கடைசியில் பழுக்கும், துவர்ப்பும் கெட்டித்தன்மையும் அதனுடையது, பல வருஷம் கெடாமல் நிற்பதற்கு அதுவே தூண். சேன்ஸோ மென்மைக்கு. கூனுவாஸ் கொஞ்சம் புளிப்புக்கு. கிளெரெத் என்ற வெள்ளை ரகம் ஒரு லேசுத்தன்மைக்கு.

இதைக் கேட்டதும் எனக்குச் சமையல் ஞாபகம் வரவில்லை. எங்கள் தாத்தா மானாவாரி நிலத்தில் விதைத்ததுதான் ஞாபகம் வந்தது. கம்பு, இடையில் தட்டைப்பயறு, நடுநடுவே துவரை, ஓரத்தில் ஆமணக்கு. மழை முன்னால் வந்தால் ஒன்று தேறும், பின்னால் வந்தால் இன்னொன்று தேறும். எதுவும் இல்லாமல் வீட்டுக்கு வரும் வருஷம் அபூர்வம். ஒயின் நிபுணர்கள் மணம், சுவை என்று எவ்வளவோ எழுதுவார்கள், அதெல்லாம் இருக்கட்டும். இந்தக் கலவை அடிப்படையில் ஒரு விவசாயியின் பயத்திலிருந்து பிறந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. இப்போது அது இன்னொரு விதத்திலும் உதவுகிறது. கோடை வருஷா வருஷம் சூடாகிறது, கிரெனாஷில் சர்க்கரை ஏறி, ஒயினில் ஆல்கஹால் 15 சதவீதம் வரை போய்விடுகிறது. அதைச் சமன் செய்ய, தாத்தா காலத்தில் ஓரத்தில் நட்டுவிட்டு மறந்துபோன புளிப்பு ரகங்களை மறுபடி தேடுகிறார்கள். சில்லறை ரகம் என்று பிடுங்கி எறியாமல் வைத்திருந்தவர்களுக்கு அதிர்ஷ்டம்.

ஆனால் நான் இந்தப் பதிவை எழுதுவது பதின்மூன்று ரகத்துக்காக அல்ல.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர் ஒயினுக்குத் தனி மரியாதை பெரிதாகக் கிடையாது. பீப்பாய் பீப்பாயாக வடக்கே பர்கண்டிக்குப் போகும். அங்கே வெயில் குறைவு, ஒயின் மெலிவாக இருக்கும் வருஷத்தில் இதைக் கலந்து தெம்பேற்றுவார்கள். லேபிளில் பர்கண்டி பெயர் இருக்கும். இந்த ஊரின் பெயர் எங்கும் இருக்காது. 'மருந்து ஒயின்' என்று அதற்குப் பட்டப்பெயர். பொள்ளாச்சித் தேங்காய்க்கு வேறு ஊர் முத்திரை குத்தி விற்றால் எப்படியிருக்கும், அப்படி.

பிறகு பூச்சி வந்தது. ஃபிலாக்ஸெரா என்று பெயர், நம் அசுவினிக்குச் சொந்தக்காரப் பூச்சி, கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு. அமெரிக்கக் கொடிகளோடு கப்பலில் வந்து சேர்ந்தது. 1863-ல் ரோன் ஆற்றுக்கு அந்தக் கரையில், புதுக்கோட்டைக்கு எட்டிய தூரத்தில்தான் கொடிகள் முதலில் காய ஆரம்பித்தன. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் எதுவும் இருக்காது. 1868-ல் மோன்பெலியேயைச் சேர்ந்த பிளான்ஷோன் என்ற தாவரவியல் ஆசிரியரும் கூட இரண்டு பேரும், சாகாத கொடியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். வேரில் மஞ்சளாய் மொய்த்திருந்தது பூச்சி. செத்த கொடியை விட்டுவிட்டு அது அடுத்ததுக்குப் போய்விடும், அதனால்தான் அதுவரைக்கும் யாரும் பார்க்கவில்லை. (அறிவியல் படித்த பிள்ளைகளே, எதைப் பிடுங்குவது என்று முடிவு செய்வதில்தான் பாதி ஆராய்ச்சி இருக்கிறது.) கடைசியில் மருந்து எது தெரியுமா? பூச்சி வந்த அதே அமெரிக்காவின் கொடி. அதன் வேருக்குப் பூச்சியைத் தாங்கும் சக்தி இருந்தது. அமெரிக்க வேர்மேல் ஐரோப்பியத் தண்டை ஒட்டுக் கட்டினார்கள். இன்றைக்கும் பிரான்சின் பெருமைக்குரிய கொடிகள் பெரும்பாலும் அமெரிக்கக் காலில்தான் நிற்கின்றன.

தோட்டம் அழிந்த காலத்தில் ஒயினுக்குப் பஞ்சம். பஞ்சம் வந்தால் போலி வரும். எங்கிருந்தோ வந்த ஒயினுக்கெல்லாம் நல்ல ஊர்ப் பெயர் ஒட்டி விற்றார்கள். புதுக்கோட்டையின் பெயரும் அதற்குள் கொஞ்சம் வெளியே தெரிய ஆரம்பித்திருந்ததால் அதையும் விடவில்லை. உண்மையாக விளைவித்தவனுக்கு விலை கிடைக்கவில்லை.

1923-ல் ஊர் விவசாயிகள் சிலர் ஒருவரைப் பார்க்கப் போனார்கள். பியேர் லெ ருவா என்ற பாரோன். முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், சட்டம் படித்தவர், அந்த ஊர்த் தோட்டக்கார வீட்டில் பெண் எடுத்து வந்த மாப்பிள்ளை. "எங்கள் பெயரைத் திருடுகிறார்கள், கேஸ் போட்டுத் தாருங்கள்" என்று கேட்டார்கள். அவர் சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: ஒழுங்கையும் நேர்மையையும் முதலில் நீங்கள் நடந்து காட்ட வேண்டும்.

பிள்ளைகளா, இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏமாற்றுகிறவன்மேல் புகார் சொல்ல வந்தவர்களிடம், முதலில் உன் பெட்டியைத் திற என்கிறார் மனிதர்.

அவர்கள் உட்கார்ந்து தங்களுக்குத் தாங்களே விதி எழுதினார்கள். எந்த நிலத்து ஒயினுக்கு இந்தப் பெயர்? லாவெண்டரும் தைம் செடியும் சேர்ந்து விளையும் அளவுக்கு வறண்ட நிலத்துக்கு மட்டும். செழிப்பான ஆற்றோர நிலம் வைத்திருந்தவனுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என்ன ரகம், எப்படிக் கவாத்து என்பதற்கெல்லாம் விதி. அறுவடையில் 5 சதவீதமாவது கழித்துப் போட்டே ஆகவேண்டும், நல்ல வருஷமாக இருந்தாலும். ஒயினில் ஆல்கஹால் 12.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இது போதைக்கான விதி என்று சின்ன மதினி நினைப்பார்கள். இல்லை. பழத்தில் இருக்கும் சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது. அந்த அளவு வர வேண்டுமென்றால் பழம் கொடியிலேயே முழுதாகப் பழுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுச் செங்காயைப் பறித்தவன் மாட்டிக்கொள்வான். அதாவது அது பழுக்க விடு என்று சொல்லும் விதி.

அப்புறம் வழக்கு. கோர்ட்டு கோர்ட்டாக ஏறி, 1933 வரை இழுத்தது, ஜெயித்தார்கள். 1935-ல் பிரான்ஸ் நாடு முழுவதற்குமே ஊர்ப் பெயரைக் காக்கும் சட்டம் வந்தது, அதை உருவாக்கியதில் இந்த பாரோனுக்குப் பெரிய பங்கு. 1936 மே மாதம் அந்தச் சட்டத்தின்கீழ் முதல் தவணையிலேயே பெயர் வாங்கிய ஊர்களில் ஒன்று புதுக்கோட்டை. இன்றும் இயந்திரத்தால் அறுவடை செய்யக் கூடாது, கைதான். ஒரு ஹெக்டேரில் 3,500 லிட்டருக்கு மேல் எடுக்க வழக்கமாக அனுமதியில்லை. அதிகம் விளைந்தாலும் அந்தப் பெயரில் விற்க முடியாது.

நாங்கள் போன ஒரு சிறிய தோட்டத்தில் என் வயசு அம்மா ஒருத்தர் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். மேசையில் குலை குலையாக வருகிறது. விரல் தானாகப் போய் அழுகலையும் காய்ந்ததையும் செங்காயையும் கிள்ளிக் கீழே பிளாஸ்டிக் வாளியில் போடுகிறது. வாளி நிறைந்துகொண்டே இருந்தது. "இதை என்ன செய்வீர்கள்?" என்று அக்கா மகனை விட்டுக் கேட்கச் சொன்னேன். ஒன்றும் செய்ய மாட்டோம் என்றார். "நல்லா இருக்கிறதும் கொஞ்சம் போகுதே?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை அவன் மொழிபெயர்த்தான்: என் மாமனார் இன்னும் அதிகம் போடுவார்.

அந்த அம்மாதான் ருசி பார்க்கக் கொடுத்தார். ஆம், பார்த்தேன். பக்கத்திலேயே துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள், அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. துவர்ப்பு. பிறகு வெயிலில் காய்ந்த பழ வாசம், கடைசியில் கொஞ்சம் மிளகு. எனக்கு இரண்டாவது வாய் தேவைப்படவில்லை. துப்பிவிட்டேன். மதினி, திருப்தியா?

குடியைப் பற்றி என் கருத்தில் இம்மியும் மாற்றம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக் கட்டணம் கட்ட வைத்திருந்த பணத்தை அப்பா எடுத்துப் போய்விட்டார் என்று ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று அழுத பிள்ளைகள் எத்தனை பேர். அவர்களில் சிலர் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் முன்னால் உட்கார்ந்து குடியைப் புகழ நான் வரவில்லை. பாட்டிலுக்குள் இருந்ததைவிட, பாட்டிலுக்கு வெளியே ஒட்டியிருந்த பெயர்தான் என்னைத் தூங்க விடவில்லை.

ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு பெயர் இருக்கிறது.

கம்பம் பன்னீர் திராட்சை. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்து வைத்த கொடி என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கருநீலம், விதை உண்டு, வாயில் போட்டால் பன்னீர் மணம். முல்லைப் பெரியாறு தண்ணீரும் இரண்டு பக்க மலையும் சேர்ந்து, வருஷத்தில் எந்த மாதமும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைக்கு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பட்டாசுப் படம்! அந்தக் குறியீட்டுக்கான இந்தியச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் வேரைப் பிடித்துக்கொண்டே போனால், இந்தக் கூழாங்கல் ஊர் மாதிரி ஊர்களில்தான் போய் நிற்கும். (உலக வர்த்தக ஒப்பந்தத்தில் ஒயினுக்கும் மதுவகைக்கும் கூடுதல் பாதுகாப்பு, பழத்துக்கு அது கிடையாது. இது என்ன நியாயமோ.)

பெயர் வந்து என்ன ஆனது? நான் பிரான்சுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் தம்பி போன் செய்தான். "அக்கா, பந்தலப் பிரிச்சிரலாம்னு இருக்கேன்." ஒன்றரை ஏக்கர், அப்பா கல்தூண் நட்ட பந்தல். கேட்கிற விலை கூலிக்கும் மருந்துக்கும் காணவில்லை. விதையில்லாத திராட்சை மகாராஷ்டிராவிலிருந்து லாரி லாரியாக வருகிறது, ஜனம் அதைத்தான் கேட்கிறது. பன்னீர் பழம் மூன்று நாள் தாங்காது, காம்பிலிருந்து உதிரும். சென்னையில் தள்ளுவண்டிக்காரர் கறுப்பாக இருக்கும் எல்லாவற்றையும் 'கம்பம் பன்னீர்' என்றுதான் கூவுகிறார். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் விமானம் ஏறினேன்.

வந்த பிறகு பேசினேன். தள்ளுவண்டிக்காரரைக் குறை சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை. விலை ஏறுகிற வாரத்தில் இனிப்பு ஏறுமுன்னே பறித்து அனுப்புவது நம் பக்கத்துத் தோட்டங்களில் நடக்காததா? பெட்டியில் மேலே நல்ல குலை, அடியில் செங்காய் வைப்பதைத் திருச்சி வியாபாரி கண்டுபிடித்து அடுத்த தடவை விலையைக் குறைக்காமலா இருப்பார்? அந்தக் குறியீட்டைப் போட்டுக்கொள்ள ஒவ்வொரு விவசாயியும் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். நம் தெருவில் எத்தனை பேர் செய்திருக்கிறார்கள் என்று தம்பியிடம் கேட்டேன். எண்ணி முடிக்க ஒரு கை போதும்.

புதுக்கோட்டைக்காரர்கள் பணக்காரர்கள், அவர்களால் கழித்துப் போட முடியும் என்றான் தம்பி. நியாயமான கேள்விதான். ஆனால் 1923-ல் அவர்கள் பணக்காரர்களாக இல்லை. பூச்சியில் எல்லாம் போய், மறுபடி நட்டு, சண்டை முடிந்து வந்து, விலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள். அதே சமயம் அவர்கள் பண்டத்தைப் பாட்டிலில் போட்டுப் பத்து வருஷம் வைக்கலாம். நம் பழத்தை வைக்க முடியாது. அதனால் அவர்கள் செய்ததை அப்படியே நாம் செய்ய முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குளிர்பதனக் கிடங்கோ, பழச்சாறோ, உலர்பழமோ என்று ஏதாவது வழி கூடவே வேண்டும். ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கு நானே தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

என் மாணவர்களில் கம்பம், கூடலூர், காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேராவது இருக்கிறீர்கள். கமிஷன் மண்டியில் இருப்பவர்கள் இரண்டு பேர் உண்டு. பதிவுத் துறையிலும் வங்கியிலும் இருப்பவர்களும் உண்டு. ஒரு விதி போதும், ஒரே ஒரு விதி. இனிப்பு அளக்கும் கருவி கையடக்கமாகக் கிடைக்கிறது, ஒரு சொட்டுச் சாறு விட்டால் எண்ணைக் காட்டும். இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் கம்பம் பன்னீர் என்று பெட்டியில் எழுத மாட்டோம் என்று பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட முடியுமா? எந்த எண் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், எனக்குப் பூகோளம்தான் தெரியும். முதல் கருவி என் பென்ஷனில் வாங்கித் தருகிறேன்.

எழுத விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள், கூச்சப்படுகிறவர்கள் தனியாக அனுப்புங்கள். தமிழில் எழுதினால் போதும், நான் ஒற்றுப்பிழை திருத்த மாட்டேன்.

தம்பி இன்னும் சம்மதிக்கவில்லை. பந்தல் பிரிக்கிற ஆளுக்குக் கொடுத்த அட்வான்ஸை மட்டும் திருப்பி வாங்கியிருக்கிறான். அடுத்த கவாத்து தை மாதம்.